மயிலிறகு அசைந்த தூரம்

இரண்டு என்றே சொல்லிவிடலாம். ஐந்து என்றால் அந்தப் பெண் உட்காரச் சொல்வாள். உட்கார்ந்தால் கணவர் கடையிலிருந்து எட்டிப் பார்ப்பார், பார்த்தால் முகம் சுருங்கிவிடும். இரண்டு யாரையும் தொந்தரவு செய்யாத எண்.

"ரெண்டு மேடம்," என்றாள் கல்பனா.

போனுக்குள்ளிருந்து தேவிப்பிரியா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். சென்னையில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். கொரோனா வார்டில் தொண்டையில் குழாயோடு கிடந்து பிழைத்துத் திருத்தணிக்குத் திரும்பிய கல்பனாவுக்கு, நடக்கவும் மூச்சுவிடவும் வீடியோவில் மறுபடி பழக்கிவிடுபவள். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் அதே கேள்விதான். மூச்சு வாங்குவது பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு? பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை. பத்து என்றால் இனிமேல் முடியாது. நாலைத் தாண்டினால் உட்கார்ந்துவிட வேண்டும்.

"விரல்ல மாட்டியிருக்கிற மெஷினக் காட்டுங்கக்கா."

கல்பனா உடனே காட்டமாட்டாள். வெளிச்சம் போதவில்லை, கை நடுங்குகிறது என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருந்து, ஆக்சிஜன் அளவு மேலே ஏறிய பிறகுதான் விரலை நீட்டுவாள்.

மலையடிவாரத்தில் காவடி வாடகைக்கு விடும் கடை அவர்களுடையது. கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில்தான் பயிற்சி. சுவரெல்லாம் காவடிகள் சாய்ந்திருக்கும், ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் மயிலிறகுக் கொத்து. எதிரே மெழுகுவத்தி ஏற்றிவைத்து, சுடர் அணையாமல் வளையும்படி உதட்டைக் குவித்து மெல்ல ஊதச் சொல்லியிருந்தாள் தேவிப்பிரியா.

"மெழுகுவத்தி இல்லீங்க மேடம். மயிலிறகு கீது."

"எங்க பேஷண்ட் யார்கிட்டயும் இல்லாத மெஷின்க்கா அது. அதுவே போதும்."

முதலில் மூக்கு தொடும் அளவுக்குப் போனால்தான் இறகு அசைந்தது. ஒரு நாள் கை நீளத்துக்கு அப்பால் நின்று ஊதியபோது, அந்த நீலக் கண் லேசாக ஆடி நின்றது. கல்பனா நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தாள். கரண்ட் இல்லை. ஜன்னலும் சாத்தியிருந்தது. மறுபடி ஊதினாள். மறுபடி ஆடியது.

உடம்பு சிலிர்த்துப்போனது. இத்தனை வருஷம் இந்த மூச்சில்தான் தண்ணீர் தூக்கினாள், பிள்ளை பெற்றாள், சண்டை போட்டாள். ஒரு தடவைகூட அதைக் கண்ணால் பார்த்ததில்லை. வார்டில் ஒரு இயந்திரம் அவளுக்காக மூச்சு விட்டபோது அவள் அங்கே இல்லவே இல்லை. இது அவளுடையது. அவளுக்குள்ளிருந்து கிளம்பிப் போய் ஒரு பொருளைத் தொட்டுவிட்டு வருகிறது.

அதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. எண்ணையும் சரியாகச் சொல்லவில்லை. 'முடியல' என்ற சொல்லைக் காய்ச்சலில் படுத்த ஆண்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறாள்.

நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கி நடக்கும் பயிற்சி தொடங்கிய வாரம் அது நடந்தது. "ரெண்டு" என்று சொல்லி முடிக்கும் முன்பே சுவர் ஒரு பக்கமாக நழுவியது. காவடிகளின் மேல் சரிந்தாள். இறகுகள் முகத்தை மூடிக்கொண்டன. அலமாரியிலிருந்த போன் "அக்கா, அக்கா" என்றுகொண்டே இருந்தது. கடை வாசல் ஒலிபெருக்கியின் பக்திப் பாட்டில் அது யார் காதிலும் விழவில்லை. தேவிப்பிரியா இன்னொரு போனிலிருந்து கல்பனாவின் கணவன் சக்திவேலின் எண்ணுக்கு விடாமல் அடிக்க, அவன் ஓடிவந்து மனைவியைத் தூக்கி உட்காரவைத்தான்.

டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு, அடுத்த வகுப்பில் தேவிப்பிரியா பயிற்சி எதையும் தொடங்கவில்லை.

"நிஜமா அன்னிக்கு எவ்வளவு இருந்துச்சு?"

"ஏழு இருக்கும்."

"நான் பக்கத்துல நின்னா உங்க முகத்தப் பார்த்தே பிடிச்சிருப்பேன். இங்கேருந்து எனக்குக் கை கிடையாதுக்கா. நீங்க சொல்ற நம்பர்தான் என் கை. அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல, தெரியுமா."

கல்பனாவின் சமையல் மற்றவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது, கை வேலை தேவைப்பட்டிருக்கிறது. அவளுடைய களைப்பு ஒருவருக்கு வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அடுத்த பயிற்சி முடிந்ததும் கண்ணை மூடி, இருட்டு அறையில் பாத்திரத்தைத் தடவித் தேடுவதுபோல் உள்ளே தேடினாள். அங்கே ஒன்று இருந்தது. அதற்கு எண் தெரிந்திருந்தது. மூன்று இல்லை, நாலும் இல்லை.

"அஞ்சு மேடம்."

"உக்காருங்கக்கா."

உட்கார்ந்தாள். கடையில் யாரோ வாடகைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் கவிழவில்லை. அவளுக்கு ஆச்சரியம் அடங்கவே இல்லை. எத்தனை காலமாக அது உள்ளேயே உட்கார்ந்து சரியான எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்ததோ.

ஆடிக் கிருத்திகைக்கு அம்மையார்குப்பத்திலிருந்து சக்திவேலின் அக்கா ரஞ்சிதம் வந்து இறங்கினாள். கல்பனா வார்டில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் அவளே புஷ்பக் காவடி எடுத்துப் படியேறுவாள் என்று சக்திவேல் முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்று கேட்டவள் ரஞ்சிதம்.

"ஊருக்கெல்லாம் காவடி குடுக்கறீங்க. உங்க வூட்டுக் காவடி செவுத்துலயே சாஞ்சிகினு கீது," என்றாள். "சாமி கணக்கு வச்சுக்காதா?"

மறுபடி ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் சக்திவேலின் கண்ணில் தெரிந்தது. அந்தப் பயத்துக்காகவே கல்பனா காவடி எடுப்பதாகச் சொன்னாள்.

காவடி எடுத்துப் படியேறலாமா என்று தேவிப்பிரியாவிடம் கேட்டாள்.

"முருகன் விஷயம் எனக்குத் தெரியாதுக்கா. பாரம் இல்லாம ஏறினா எனக்கு நிம்மதி. தூக்கித்தான் ஆகணும்னா லேசானதா எடுங்க. நுரையீரல் விஷயத்துல, அன்னிக்கு உங்க நம்பரக் கேளுங்க."

கிருத்திகை அன்று காலை படியெல்லாம் மஞ்சள் துணியும் அரோகரா சத்தமுமாக இருந்தது. இருப்பதிலேயே சின்னக் காவடியை எடுத்து, கொஞ்சமாகப் பூச்சுற்றி, சக்திவேல் அவள் தோளில் வைத்தான். படிகளில் கல்பனா ஏறினாள். ஏறுகிறோம் என்பதே நம்ப முடியாததாக இருந்தது. கால் தூக்குகிறது, மூச்சு வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. இரண்டு. உண்மையான இரண்டு. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

முதல் மண்டபம் தாண்டியதும் மூன்றானது. பிறகு நான்கு. அடுத்த திருப்பத்தில் ஐந்து. அவள் நின்றுவிட்டாள்.

"நிக்காத. பின்னாடி ஜனம் வருது," என்றாள் ரஞ்சிதம்.

"அண்ணி, அஞ்சு."

"இன்னா அஞ்சு?"

கல்பனா கணவன் பக்கம் திரும்பினாள். "வேண்டிக்கினது நீங்கதானே. பிடிங்க."

தோளில் ஏற்றிய காவடியை வழியில் கீழே வைக்கக் கூடாது என்று வாடகைக்கு எடுப்பவர்களிடம் தினமும் சொல்பவன் அவன். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து, காவடி தரையைத் தொடாமல் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டான். கல்பனா படி ஓரமாக உட்கார்ந்தாள். கூட்டம் அவளைச் சுற்றிப் பிரிந்து மேலே போயிற்று.

ரஞ்சிதம் குனிந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். கோபமில்லை, கெஞ்சலாகவே சொன்னாள். "பாதி வழியில உக்காந்தா வேண்டுதல் இன்னாத்துக்கு ஆவும்? காவடிய அவனே தூக்கட்டும், நீ கூட வா. தம் கட்டிக்கினு ஏறிடும்மா. கொஞ்ச தூரந்தான். நாங்கல்லாம் அப்படித்தான ஏறினோம்."

தம் கட்டிக்கொண்டு. இத்தனை நாளும் அவள் செய்ததெல்லாம் அதுதான். உதட்டைக் குவித்து மெல்ல ஊதினாள். தலைக்கு மேலே, கணவனின் தோளிலிருந்த காவடியில் ஒரு இறகு ஆடியது. மலைக்காற்றாக இருக்கலாம். அவள் அதையே பார்த்தாள்.

"மாட்டேன் அண்ணி," என்றாள். "மூச்சு வந்துகினு கீது. வரட்டும்."