அடக்கி வாசித்தவள்

பேக்கரியில் வேலை செய்பவருக்குப் பகல்தான் ராத்திரி. ஊர் எழுந்திருக்கும் முன்பே அடுப்பைப் பற்றவைத்து, ஊர் காலைச் சாப்பாட்டை முடிக்கிற நேரத்துக்கு வீடு திரும்பி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவார் ரொட்டிக்காரர். அந்தத் தூக்கத்துக்கு ஒரு பக்கவாத்தியமும் இருந்தது. அடுத்த அறையிலிருந்து சுவர் வழியாக, 'டொக், டொக்கு டக்' என்று ஒரு சத்தம்.

மகளுடைய சத்தம் அது. பிறந்தபோது சுண்டுவிரல் மாதிரி இருந்தாள் என்று சுண்டு என்று கூப்பிடப்போய், அப்பாவைவிட ஒரு பிடி உயர்ந்த பிறகும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. மாலையில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மதியமெல்லாம் மடியில் பேஸ் கிடார். நாலே கம்பி, ஒவ்வொன்றும் துணி காயப்போடும் கொடி போலத் தடிமன். அப்பா தூங்குகிறாரே என்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டுதான் வாசிப்பாள். அவள் காதுக்குள் என்ன கேட்டதோ, வீட்டுக்கு எட்டியது கட்டைவிரல் கம்பியில் விழும் 'டொக்'கும், ஆள்காட்டி விரல் அதைச் சுண்டிவிடும் 'டக்'கும் மட்டும்தான். அதுவும் கொஞ்சம் பலமாகிவிட்டால், வீட்டில் இருக்கும் நாட்களில் அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்: "அப்பா தூங்குறாருடி. அடக்கி வாசி!"

"என்னடி இது, கறிக்கடை மாதிரி?" என்று ஒருநாள் அவர் கேட்டார்.

"ஃபங்க்குன்னு ஒரு இசைப்பா. கட்டைவிரலால அடிக்கிறதுக்கு ஸ்லாப்னு பேரு."

"இதுல பாட்டு எங்க இருக்கு?"

"பாட்டை வேற ஆளு பாடிக்குவாங்க. நாங்க ஆட வைக்கிறவங்க. முதல் அடி இருக்கே, அவர்தான் வீட்டுக்காரர். மிச்ச அடியெல்லாம் குடியிருக்கிறவங்க. எங்க வேணா ஊர் சுத்தலாம், ஆனா வீட்டுக்காரர் கதவைத் திறக்கும்போது வாசல்ல நிக்கணும்."

"நல்ல வீடு போ" என்று சொல்லிவிட்டு அவர் படுக்கப் போனார்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல்தானே என்று இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு ரொட்டிக்காரருக்குத் தூக்கம் போய்விட்டது. சத்தம்தான் தூக்கத்தைக் கெடுக்கும் என்பார்கள். அவரைச் சத்தமில்லாத சுவர் கெடுத்தது. பேக்கரியில் ஒரே மாவில் இரண்டு தடவை உப்புப் போட்டார். முதலாளி மாவைத் தூரக் கொட்டிவிட்டு, "போய்த் தூங்குய்யா" என்று மட்டும் சொன்னார். அன்று மதியம்தான் அவர் சுண்டுவின் அறைக்குள் போய், கட்டிலில் சாய்த்து வைத்திருந்த கிடாரை எடுத்து மடியில் வைத்தார். தவறாகத் தூக்கிய பிள்ளை போல அது ஒரு பக்கமாகச் சரிந்தது.

மனைவிக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. அவள் வரும்வரை வீட்டில் யாருமில்லை. அவர் கைபேசியில் யாரோ சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகினார். அந்தச் சின்ன கைபேசியிலும் 'டொக் டக்'தான் கேட்டது. சரியான வழியில்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் கட்டைவிரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மாவுக்குப் பழகிய விரல் அது. மாவில் அழுத்தினால் உள்ளே போய் நிற்க வேண்டும். கம்பியிலோ பட்டதும் துள்ளித் திரும்ப வேண்டும். விரல் முட்டி சிவந்தது, பிறகு கொப்பளித்தது, பிறகு காய்த்தது. இடது கையால் கம்பியை லேசாகத் தொட்டு, நாதமே வராமல் தட்டும் அடிக்குச் சுண்டு 'ஊமை' என்று பெயர் வைத்திருந்தாள். அது மட்டும் அவருக்குச் சீக்கிரம் வந்தது.

ஒருநாள் மனைவி வேளையோடு வந்துவிட்டாள். தோள் பையைக்கூட இறக்காமல் அறை வாசலில் நின்றாள்.

"வைங்க அதை."

அவர் வைத்தார்.

"வாசலுக்கு வரும்போதே கேட்டுச்சு. ஒரு நிமிஷம் நான்..." முகத்தைக் கழுவிவிட்டு வந்து சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை அவகூட மேடையில டிரம்ஸ் வாசிச்ச பொண்ணை வரச் சொல்லியிருக்கேன். எடுத்துட்டுப் போகட்டும். அவங்க குழுவுல யாராவது வாசிப்பாங்க. இந்த வீட்டுல இது வேணாம்."

"அதுக்குள்ள ஒரு தடவை சரியா வாசிச்சுடறேன்."

"எதை?"

"அவ கடைசியா வாசிச்சுக்கிட்டிருந்தாளே, அதை."

அவள் தட்டை எடுத்து வைத்தாள்.

அவருக்கு அது முக்கால்வாசி வந்துவிட்டது. ஒரே ஓர் இடம்தான் பிடிபடவில்லை. அடிகளின் ஒரு சுற்று நாலு தடவை வரும், பிறகு நிற்கும், மறுபடி தொடங்கும். எவ்வளவு நேரம் நிற்கும்? நினைவில் ஒருநாள் அது மூச்சளவு இருந்தது, இன்னொரு நாள் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் போல நீண்டது. எப்படி வாசித்தாலும் வீட்டுக்காரர் கதவைத் திறக்கையில் இவர் வாசலில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ் பெண் வந்தாள். மருந்துக்கடையில் வேலை செய்பவள், சுண்டுவின் வயது. கையில் ஒரு கறுப்பு ஒலிபெருக்கிப் பெட்டி. "இது சுண்டுவோடது அங்கிள். எங்க வீட்டுலயே இருந்துச்சு. திருப்பிக் குடுக்கணும்ல" என்று இறக்கி வைத்தாள்.

"எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளும்மா" என்று அவர் கிடாரை எடுத்து வாசித்தார்.

அவள் வாயில் கைவைத்துக்கொண்டாள். "அய்யோ அங்கிள், அவ கை அப்படியே வருது! ஆமா, ஏன் சொருகாம வாசிக்கிறீங்க?"

"எதுல சொருகணும்?"

அவள் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பெட்டியோடு கொண்டுவந்த வயரைக் கிடாரிலும் பெட்டியிலும் செருகி, குமிழைத் திருகினாள். "இப்ப அடிங்க."

அவர் அடித்தார். அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. தரை வழியாக ஏதோ ஒன்று உள்ளங்காலில் ஏறி நெஞ்சுவரை வந்தது. சூடான தட்டைத் தொட்டவர் போல விரலை எடுத்துக்கொண்டார்.

"இதா அவ வாசிச்சது?"

"இதேதான் அங்கிள். மேடையில இப்படித்தான். ஜனம் எழுந்து நிக்கும்."

அவர் மேடைக்குப் போனதில்லை. அவர்கள் வாசித்து முடிக்கும் வேளையில் இவருக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். இத்தனை வருஷம் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தும் மகளுடைய கிடாரின் குரலை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் குரலின் காலடியைத்தான்.

"எனக்காக அடக்கி வாசிச்சிருக்கா" என்றார், யாரிடமும் இல்லாமல்.

டிரம்ஸ் பெண் குனிந்து பெட்டியின் குமிழைக் குறைத்தாள். பேச்சை மாற்ற, "ஒரே ஒரு தப்பு அங்கிள்" என்றாள். "நாலாவது சுத்துக்கப்புறம் நிறுத்துறீங்களே, அங்க நிறுத்தமே கிடையாது. நேராப் போகும்."

"இருந்துச்சும்மா. நான் கேட்டிருக்கேன்."

"கூட வாசிச்சவ நான். அங்க நிறுத்தினா வண்டி குடை சாஞ்சிடும்."

"நிறுத்துவா."

சொன்னது மனைவி. அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடியே இருந்தாள், கை காய்ந்த பிறகும்.

"லீவு நாள்ல நான் பார்த்திருக்கேன். நாலு சுத்து வாசிப்பா. அப்புறம் ஒரு காதுல ஹெட்ஃபோனை விலக்கிட்டு சுவத்துல காதை வைப்பா. உங்க குறட்டை கேட்டாத்தான் மறுபடி ஆரம்பிப்பா. கேக்கலன்னா கிடாரைக் கட்டிக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பா. என்னடின்னு கேட்டா, 'ஷ்ஷ், அப்பா முழிச்சிட்டாரு'ம்பா."

ரொட்டிக்காரர் சுவரையே பார்த்தார். தூக்கம் கலைந்த எத்தனையோ மதியங்களில் அந்தச் சத்தத்தைக் கேட்கவே அவர் அசையாமல் படுத்திருந்ததுண்டு. எங்கே நின்றுவிட்டது என்று காத்திருந்து காத்திருந்து, எப்போது கண்ணயர்ந்தாரோ அப்போது அது மறுபடி தொடங்கியிருக்கும். பிடிக்கும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கறிக்கடை என்றுதான் சொன்னார்.

"கிடார் இங்கயே இருக்கட்டும்மா" என்றாள் மனைவி டிரம்ஸ் பெண்ணிடம். "இந்தப் பெட்டியை நீ எடுத்துட்டுப் போ. இந்தச் சத்தம் உங்களுக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவ வேற சத்தம்."

அந்தப் பெண்ணை வழியனுப்பிவிட்டு இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு மனைவி எழுந்து அவருடைய அறைக்குப் போனாள். ஜன்னல் திரை இழுபடும் ஓசை. கட்டில் கிறீச்சிட்டது, அவர் படுக்கும் பக்கத்தில்.

ரொட்டிக்காரர் மகளின் கட்டிலில் உட்கார்ந்து, கிடாரை மடியில் வைத்து, எதிலும் சொருகாமல் வாசித்தார். டொக், டொக்கு டக். கட்டைவிரல் பட்டதும் துள்ளித் திரும்பியது. ஒரு சுற்று, இரண்டு, மூன்று, நாலு.

நிறுத்திவிட்டுச் சுவரில் காதை வைத்தார்.

குறட்டை இல்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒன்று கேட்டது. அவர் காத்திருந்தார்.

"தூங்கிட்டேன்" என்றாள் அவள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. "வாசிங்க."