அதிராத எஞ்சின்

அந்தமானில் ரயில் கிடையாது. அதனாலேயே யோகராஜுக்கும் ஆரிப்புக்கும் ரயில் என்றால் பைத்தியம். மரைன் ஹில்லில் யோகராஜின் அறையில் பாதி இடத்தை ஒரு ப்ளைவுட் பலகை அடைத்திருந்தது. அதன்மேல் வட்டமாகத் தண்டவாளம், அட்டையில் செய்த ஸ்டேஷன், உள்ளங்கை நீளத்தில் ஒரு நீல டீசல் எஞ்சின். நன்றாக ஓடும். ஆனால் ஊமை.

மெயின்லேண்டிலிருந்து அதற்குக் குரல் கொடுக்கும் சவுண்ட் டிகோடர் வந்துசேர்ந்த வாரத்தில்தான் ஆரிப் அதைச் சொன்னான். சென்னையில் மாமா கடைக்கே போய்விடப் போகிறான். வெள்ளிக்கிழமை கப்பல். திரும்பி வருகிற எண்ணமில்லை.

"போறதுக்குள்ள ஒருதடவை இது கத்தறதைக் கேட்டுடணும் தோஸ்த். வேற எதுவும் வேணாம்."

டிகோடர் கட்டைவிரல் நகம் அளவுதான். மோட்டாரைத் தண்டவாள மின்சாரத்திலிருந்து பிரித்து, டிகோடர் வழியாகவே ஓடச் செய்ய வேண்டும். செல்போன் ரிப்பேர் செய்யும் யோகராஜுக்கு அரை நாள் வேலை. ஒயர்களைப் பற்றவைத்து, ஸ்பீக்கரையும் உள்ளே வைத்து, செவ்வாய்க்கிழமை தனியாக ஓட்டிப் பார்த்தான். எஞ்சின் உறுமியது. கூடவே அதன் மேல்மூடி தகர டப்பாபோல் கடகடத்தது. யோகராஜுக்கு முகம் சுருங்கிவிட்டது. மாலையில் ஆரிப் வருவதற்குள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டான்.

"ஏன்டா கழட்டின?"

"கடகடங்குது. ரயில் மாதிரியே இல்ல."

"நீ ரயிலைப் பார்த்திருக்கியா?"

"யூட்யூப்ல பார்த்திருக்கேன்."

"அரே வாஹ், பெரிய ஸ்டேஷன் மாஸ்டரு! கடகடன்னாலும் சலேகா, பரவால்ல. போடுடா. வெள்ளிக்கிழமை கப்பல்."

"எந்தக் கப்பல் சொன்ன நாளுக்குப் போயிருக்கு? காத்து வேற எழும்புதாம். திங்கக்கிழமை ஆகும், பாரு."

தீவில் வளர்ந்த யாரும் அப்படித்தான் கணக்குப் போடுவார்கள். ஆரிப்பும் சிரித்தான். படியிறங்கும்போது மட்டும், "ரொம்ப நம்பாத தோஸ்த்" என்றான்.

யோகராஜ் எஞ்சினுக்குள் இருந்த எடைக்கட்டியை அரத்தால் ராவி இடம் செய்தான். அதிர்வு மூடிக்குப் போகாமலிருக்க ஸ்பீக்கரைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் சுவர் கட்டி ஒட்டினான். மழை ஈரத்தில் பசை காயவேயில்லை. வியாழக்கிழமை அது காயட்டும் என்று விட்டுவிட்டு, லேப்டாப்பில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஹார்ன், பிரேக் என்று ஒவ்வொரு ஒலியாகக் கேட்டுச் சரிசெய்துகொண்டிருந்தான். கட்டிலில் கிடந்த செல்போன் அடித்தது அவனுக்குக் கேட்கவில்லை.

காற்று பலக்கும் முன் போய்விட வேண்டுமென்று கப்பலை ஒரு நாள் முன்னதாகவே எடுத்துவிட்டார்கள். ஆரிப் கப்பல்துறையிலிருந்து திரும்பத் திரும்ப அழைத்திருந்தான். கடைசியில் ஒரு குரல்பதிவு.

"டேய், கேங்வே ஏணியைத் தூக்கப் போறாங்க. பாதி வேலையா இருந்தாலும் பரவால்ல, ஃபோன்லயாவது கத்த விடுடா."

இயர்போனைக் கழற்றிய பிறகே அதைக் கேட்ட யோகராஜ் ஜன்னலுக்கு ஓடினான். கப்பல் துறைமுகத்தைத் தாண்டியிருந்தது. அழைத்தான். சிக்னல் இல்லை. பின்னால் பலகையில் எஞ்சின் வயிறு திறந்து கிடந்தது.

பசை சனிக்கிழமை காய்ந்தது. எஞ்சின் அற்புதமாக உறுமியது, துளி அதிர்வில்லை. அதைப் பதிவுசெய்து ஆரிப்புக்கு அனுப்பினான். நடுக்கடலில் யாருக்குப் போய்ச் சேரும்? ஒற்றை டிக்கோடு அது அப்படியே நின்றது.

ஆரிப் கரையேறிய பிறகுதான் பதில் வந்தது, குரல்பதிவாக.

"கேட்டேன்டா. சூப்பரா இருக்கு. கடகடப்பே இல்ல. இங்க ரூமுக்குப் பின்னாடியே லைன் போகுது. இரு, ஒண்ணு வருது, கேளு."

ரயில் வந்தது. அந்த அறையின் ஜன்னல், கதவு, எங்கோ வைத்திருந்த ஒரு டம்ளர் எல்லாம் கடகடவென்று அதிர்ந்தன. நடுவில் ஆரிப் ஏதோ சொன்னான். அந்தச் சத்தத்தில் அது கேட்கவில்லை. யோகராஜ் மறுபடி மறுபடி ஓட்டிக் கேட்டும் பிடிபடவில்லை.

பிறகு அவன் எஞ்சினின் மேல்மூடித் திருகுகளைத் தளர்த்தித் தண்டவாளத்தில் வைத்தான். அது கடகடத்துக்கொண்டே வட்டமடித்தது. செவ்வாய்க்கிழமை கேட்ட அதே சத்தம்.