கடலுக்கு முதுகு காட்டிய விடுதி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூக்குக்கண்ணாடி உடைந்ததால் கிடைத்தது. அதன் மேல் நானேதான் உட்கார்ந்தேன். கடையில் புது ஃபிரேமை என் முகத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பெண், "நீங்க கதை எழுதறவங்கதானே?" என்று கேட்டாள். தலையாட்டினேன்.

"அப்ப ஒண்ணு சொல்லட்டுமா? இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை."

கண்ணாடி இல்லாததால் அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் தைரியமாகச் சொன்னாளோ என்னவோ. அவள் சொல்லி முடித்தபோது நான் வாயடைத்துப் போயிருந்தேன். மூன்று வாரம் ஆகிறது, இன்னும் முழுசாகத் திறக்கவில்லை.

2

ஆரம்பங்கள் பல எழுதினேன்.

'பேருந்திலிருந்து இறங்கியதும் உப்புக்காற்று அவள் முகத்தில்' — வேண்டாம். எல்லாக் கடற்கரைக் கதைகளிலும் இந்தக் காற்று வீசி ஓய்ந்துவிட்டது.

'அந்த விடுதிக்குள் நுழைந்த கணமே அவளுக்கு ஏதோ' — பொய். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கால் வலி மட்டும் இருந்தது.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். அவள் கடைக்காரர்கள் ஒரு கடற்கரை ஊரில் மூன்று நாள் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். ஃபிரேம் பொருத்த அவளை அனுப்பினார்கள். தங்குவதற்கு அவளே தேடிப் பிடித்தது ஒரு குடும்பம் நடத்தும் சின்ன விடுதி. மொத்தம் ஏழு அறைகள். வரவேற்பு மேசையில் அப்பா, சமையலறையில் அம்மா, அறைகளைப் பார்த்துக்கொள்வது மகள். படுக்கை விரிப்பில் வெயில் வாசனை அடித்தது. குளியலறையில் வாளி, குவளை, பிரிக்காத சோப்பு, எல்லாம் அதனதன் இடத்தில். கடல் நூறு அடிகூட இல்லை. ஆனால் ஓர் அறையிலிருந்தும் கடல் தெரியாது. அந்தப் பக்கத்து சன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். வாடகை குறைவாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

3

இரண்டாம் நாள் காலை. வரவேற்பு மேசையில் இருந்த பெரியவரின் கண்ணாடி மூக்கில் கோணலாக நின்றது. தொழில் புத்தி சும்மா இருக்குமா?

"ஐயா, அதைக் கழட்டிக் குடுங்க. ரெண்டு நிமிஷம்."

சமையலறையிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கி, காதுக்கம்பியை அதில் முக்கி இளக்கினாள். இடப்பக்கத்தை ஒரு நூல் மேலே வளைத்து மாட்டிவிட்டாள். கச்சிதமாக உட்கார்ந்தது. பெரியவர் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துப் பார்த்துச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியை அவள் அளந்து பார்க்கவே இல்லை. கை தானாகவே வளைத்திருந்தது. இடது காது வலதைவிட ஒரு நெல்மணி உயரம். அதே வளைவை அவள் பத்து வருடமாக இன்னொரு கண்ணாடிக்குப் போட்டு வருகிறாள், தன் கணவனுடையதற்கு.

[இதை முதல் தடவை கேட்டபோது நான் நம்பவில்லை. "ஊர்ல எத்தனையோ பேருக்கு அப்படி இருக்கும்" என்றேன். "நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றாள்.]

அன்று மத்தியானம் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்தபோதுதான், அலமாரிக்கு மேலே இருந்த புகைப்படத்தைப் பார்த்தாள். மீசை அரும்பிய ஒருவன், தலையை ஒரு பக்கம் சாய்த்து நின்றான். தண்ணீர் வைக்க வந்த மகளிடம் யாரென்று கேட்டாள்.

"எங்க அண்ணன். பத்தொம்பது வயசுல கடல்ல போயிட்டான். இருபது வருஷம் ஆச்சு. சட்டையும் செருப்பும் மணல்ல கிடந்துச்சு. ஒம்பதாம் நாள்தான் உடம்பு ஒதுங்குச்சு. அப்பா போய்ப் பார்த்து அடையாளம் சொன்னாரு. அதுக்கப்புறம் அம்மாவுக்குக் கடல் கண்ணுல படவே கூடாது. அதான் சன்னலை எல்லாம் அடைச்சுட்டோம். இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா அக்கா?"

முகங்களைப் பார்த்துப் பிழைப்பவள் அவள். மீசையை எடுத்து, இருபது வயதைக் கூட்டிப் பார்க்க அவளுக்கு ஒரு நொடி போதும். தனக்கு யாருமே இல்லை, அப்பா அம்மா சின்ன வயதிலேயே விபத்தில் போய்விட்டார்கள் என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டவன் அந்தச் சட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தான். அவன் அம்மா உள்ளேயிருந்து, "குழம்பு ஊத்தினியாடி அந்தப் பொண்ணுக்கு?" என்று மகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளாம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லையாம்.

4

எழுந்து கடற்கரைக்குப் போய்க் கணவனுக்குப் போன் செய்தாள்.

"எங்க தங்கியிருக்கே, சாப்பாடெல்லாம் பரவாயில்லையா?" என்றான், எப்போதும்போல. கடற்கரைப் பக்கம் முகாம் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும், எந்த ஊர் என்று தெரியாது.

"ஏழு ரூம். மேசையில ஒரு பெரியவர். அவருக்கு இடது காது கொஞ்சம் உசரம்."

போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இல்லை.

"அப்பா உசுரோட இருக்காரா?" என்றான் அவன்.



5

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். சொல்லிவிடுகிறேன்.

அவன் ஏன் போனான் என்பதற்கு அவள் சொன்ன காரணம் எனக்குப் போதவில்லை. ஒரு கொலையைப் பார்த்துவிட்டான் என்று எழுதினேன். காதல் என்று எழுதினேன். விருந்தாளியின் குழந்தையைக் கடலில் தவறவிட்டான் என்றும் நான்கு பக்கம் எழுதி, கடைக்கு எடுத்துப் போனேன். அவள் ஒரு ஃபிரேமைத் துடைத்துக்கொண்டே படித்தாள்.

"இவ்வளவு பெருசா ஏதாவது இருந்திருந்தா, நான் அன்னைக்கே மன்னிச்சிருப்பேனே" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

நிஜமான காரணம் இதுதான். ஓர் அறையில் வாளி மாற்றவில்லை என்று விருந்தாளியின் எதிரிலேயே அப்பா அவனை அறைந்துவிட்டார். ஒரு மத்தியானம் அவரைப் பதற வைக்கலாம் என்று சட்டையையும் செருப்பையும் மணலில் விட்டுவிட்டுப் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறினான். சாயங்காலம் திரும்பி வந்தால் கரை முழுக்கக் கூட்டம். படகுகள் தேடிக்கொண்டிருந்தன. பயந்து, நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டான். மறுநாளும் அதே நினைப்பு. ஒன்பது நாள் கழித்துத் தன்னைப் புதைத்த செய்தியைப் பேப்பரில் படித்தான்.

"என்னையே புதைச்சுட்டாங்க. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?" என்று போனில் அழுதானாம்.

6

மூன்றாம் நாள், கிளம்பும் காலை. மேசையில் பெரியவர் தனியாக இருந்தார். அவள் தன் போனில் ஒரு படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். போன வருடம் எடுத்தது. அவளும் கணவனும்.

பெரியவர் கத்துவார், நெஞ்சைப் பிடிப்பார் என்று பயந்திருந்தாள். அவர் படத்தைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கானா?"

அவ்வளவுதான். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"ஐயா, உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு எனக்குக் காட்டின உடம்பு அவன் இல்லம்மா. உசரமே வேற." சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலை இறக்கினார். "ஒம்பது நாளா இவ இடுப்பளவு தண்ணியில நின்னா. சோறு இல்ல, தூக்கம் இல்ல. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா இவளும் போயிருப்பா. அதான், ஆமா, என் பையன்தான்னு சொல்லிட்டேன்."

"அப்புறம் தேடவே இல்லையா?"

"எப்படித் தேடுவேன்? தேடினா இவளுக்குத் தெரிஞ்சுடுமே." படத்தை விரல் நுனியால் தொட்டார். "இவகிட்ட சொல்லிடாதீங்கம்மா. இருபது வருஷமா யாரோ பெத்த பிள்ளைக்காக அழுதிருக்கா. அழ வச்சது நான்."

அம்மா வழிச்சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தாள். "என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. வண்டி நேரம் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார் பெரியவர்.

அவள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். சொல்லவில்லை.

[சொல்லியிருக்க வேண்டுமா? முதல் வரைவில் சொல்ல வைத்தேன். அம்மா மயங்கி விழுந்தாள். இரண்டாவதில் கணவன் அதே நேரம் வாசலில் வந்து நின்றான். இரண்டையும் கிழித்துவிட்டேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்தவளுக்கு முன்னால் என் மயக்கமும் வாசலும் எடுபடவில்லை.]

7

வீட்டில் பத்து நாள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. "என்னை எத்தனை தடவை ஏமாத்தியிருக்கீங்க" என்று அவள் கேட்டாள். போன வாரம் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டிருந்தவன் நிமிராமலே, "போலாம். நீ கூட வா" என்றான்.

நேற்று அவள் விடுதிக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எடுத்தது அம்மா.

"போன மாசம் வந்த பொண்ணுதானே? குரலை வச்சே கண்டுபிடிச்சுட்டேன். எத்தனை பேரு?"

"ரெண்டு பேரும்மா. சனிக்கிழமை. நானும் எங்க வீட்டுக்காரரும்."

"வாங்க, வாங்க. அவருக்குச் சாப்பாட்டுல என்ன பிடிக்கும்? சொல்லு, செஞ்சு வைக்கிறேன்."

இருபது வருடத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டவன் உதட்டை மட்டும் அசைத்து ஒரு பலகாரத்தின் பெயரைச் சொன்னான். [எந்தப் பலகாரம் என்று எழுத மாட்டேன். அது அவர்கள் வீட்டுச் சமாசாரம்.] அதை எப்படிச் சாப்பிடுவான் என்றும் சைகை காட்டினான். அவள் யோசிக்காமல் அப்படியே சொல்லிவிட்டாள்.

அந்தப் பக்கம் பாத்திரம் எதையோ கீழே வைக்கும் சத்தம். பிறகு அம்மா ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அந்த வாக்கியத்தின் முதல் சொல்தான் இப்போது என் பிரச்சினை. 'அவரை' என்றாளா, 'அவனை' என்றாளா? கடைக்குப் போய் மூன்று முறை கேட்டேன். கண்ணாடிக்காரிக்குப் போன் கரகரத்ததாம், நிச்சயமில்லையாம். அவள் கணவனுக்கு 'அவனை' என்றுதான் கேட்டதாம். ஆனால் அவன் எதைக் கேட்க ஆசைப்பட்டிருப்பான் என்று நமக்குத் தெரியும். அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

இன்று வியாழன். பத்திரிகைக்காரர்கள் நாளை கதை வேண்டும் என்கிறார்கள். சனிக்கிழமைக்காக நான் காத்திருக்க முடியாது. காத்திருந்தாலும், உள்ளே போய் எட்டிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அம்மா சொன்னதை, அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டு, எழுதித் தருகிறேன். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

"………… காலையிலேயே வரச் சொல்லும்மா."