ஒரு வாளி அழுக்குத் தண்ணீர்

விடியுமுன்னே விடுதியின் நீச்சல் குளத்தை வடித்துவிட்டு, அக்காவும் தங்கையும் அடியில் கிடந்த கண்ணாடிச் சில்லுகளைக் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். துடைப்பத்துக்குச் சிக்காத பொடிச் சில்லுகள். மருந்துத் தண்ணீரில் ஊறி விரல்நுனிகள் எரிந்தன. அந்த ஊரின் பிழைப்பே உல்லாசம்தான். இரவெல்லாம் கூத்தடிப்பது ஒரு கூட்டம், விடிந்ததும் அதை அள்ளிக் கொட்டுவது இன்னொரு கூட்டம்.

அக்காவுக்கு விடுதியில் ‘பட்டாசு’ என்று பெயர். திரி கிள்ளவே வேண்டாம், அப்படி ஒரு முன்கோபம்.

முதல் மாடி பால்கனியில் போதை தெளியாத விருந்தாளி ஒருவன், “பிடி பாக்கலாம்!” என்று கையிலிருந்த கோப்பையை வீசினான். சும்மா, ஒரு விளையாட்டுக்கு! அது தங்கையின் காலடியில் சிதறிப் பாதத்தைக் கிழித்தது. மேலே ஒரே சிரிப்பு.

பாவி, அந்தச் சிரிப்பையாவது அடக்கியிருக்கலாம். பட்டாசு தரை துடைத்த தண்ணீர் வாளியோடு படியேறிப் போய், அவன் தலையிலேயே கவிழ்த்தாள்.

மானேஜர் கத்தினார். “அவர் ஏதோ குஷியில பண்ணிட்டார். அதுக்கு இப்படியா?”

“எனக்கும் ஒரு குஷி வந்துது சார்.”

“வாய மூடு! அவர்கிட்ட மன்னிப்பு கேளு. இல்லேன்னா சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பேரும் விடுதி குடுத்த ரூமை காலி பண்ணுங்க. ஒன்னால இந்த வாரம் யாருக்கும் லீவு கிடையாது.”

நனைந்தவனுக்கு அன்றைய தங்கல் இலவசமாம். கிழிந்த காலுக்கு ஒரு பழைய துண்டு. நல்ல நியாயம்!

கீழ்த்தளச் சலவைக்கூடத்தில் தங்கை சுவரில் சாய்ந்து கிடந்தாள். துண்டு சிவந்துவிட்டது. இந்தக் காலோடு இவளை எங்கே கூட்டிக்கொண்டு போவது? பட்டாசுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

“நான் போய் மன்னிப்பு கேட்டுடறேன்” என்று எழுந்தாள்.

“அவசரக்குடுக்கை!” இஸ்திரிக்காரர் பெட்டியை ணங்கென்று நிமிர்த்தி வைத்தார். “அப்பவும் அவசரம், இப்பவும் அவசரம். எங்க வாயிலயும் சேர்த்து மண்ணள்ளிப் போட்டியே, கொட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னியா?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்கண்ணே?”

“கூட வந்திருப்போம்ல!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பட்டாசு அழுதுவிட்டாள். பிறகு விடுதி வேலைக்காரர்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். பேச்சு ஏறியது, இறங்கியது. பாத்திரம் கழுவுகிறவள் வீட்டு வாடகையை நினைத்துப் பயந்தாள். காவல்காரர் திட்டிக்கொண்டே எழுந்து போய், திட்டிக்கொண்டே திரும்பி வந்தார். மதியம் சலவை இயந்திரங்கள் நின்றன.

மேலே துண்டு இல்லை, விரிப்பு இல்லை. மானேஜர் மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

“ஒருத்தி ஆத்திரத்துக்கு எல்லாரும் ஏன்யா பலியாகறீங்க? முதலாளிக்குத் தெரிஞ்சா மொத்தமா வெளியதான்!”

“தெரியட்டும் சார்” என்றார் இஸ்திரிக்காரர். “முதல்ல அந்தப் பொண்ணு காலுக்கு டாக்டரக் கூட்டிட்டு வாங்க. அவங்க ரெண்டு பேரும் அதே ரூம்லதான் இருப்பாங்க. மத்தது அப்புறம் பேசலாம்.”

மானேஜர் பட்டாசின் பக்கம் திரும்பினார். “எல்லாம் ஒன் வேலையா? மறுபடியும் ஆத்திரமா?”

அவள் தங்கையின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“இல்ல சார். இது எல்லாரும் உக்காந்து யோசிச்சு எடுத்த முடிவு.”