டேங்க்கின் அடியில்

பழைய பைக்கைப் பந்தய பைக் தோற்றமுள்ள கஃபே ரேசராக மாற்ற நீளமான பெட்ரோல் டேங்க் தேடி, டெல்லி கரோல் பாக் உதிரிபாகச் சந்தையின் கடைசிச் சந்துவரை வந்துவிட்டாள் ரெஜினா. கடைக்காரன் நீட்டியதைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஆணியால் தமிழில் கீறியிருந்தது: ‘அம்மா துணை. பிராங்ளின்.’ போன மாதம் பைக்கோடு காணாமல்போன அண்ணனின் அதே கோணல் கையெழுத்து.

“என்ன தீதி எழுதியிருக்கு?” ஹிந்தியில்தான் கேட்டான். பார்வை மட்டும் அவள் முகத்தைவிட்டு அகலவில்லை.

“தெரியலையே பையா. என்ன பாஷைன்னே புரியல.” அவளும் ஹிந்தியிலேயே சமாளித்தாள்.

அந்த நேரம் பார்த்து, மேஜைமேல் அவள் வைத்திருந்த செல்போன் அலறியது. திரையில் தமிழில், கொட்டை எழுத்தில் ‘அம்மா’.

அவன் திரையைப் பார்த்தான். டேங்க்கில் அதே எழுத்துகளை விரலால் தடவினான். பிறகு நிதானமாக எழுந்துபோய் ஷட்டரை இறக்கினான்.