ஓட்ஸ் பெட்டிக் கிளாஸ்

குணவதிக்குப் பச்சைக் கிளாஸ் என்றால் பைத்தியம். கனடாவில், டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் சீலை அடுக்க இடமில்லை, கிளாசுக்கு மட்டும் தனி அலுமாரி. எல்லாம் பழைய அமெரிக்கச் சாமான், கராஜ் சேல்களில் பொறுக்கியது. லைப்ரரியில் புத்தகம் எடுத்து, எந்த ஊரில் எந்த அச்சில் வார்த்தது என்றெல்லாம் படித்து வைத்திருந்தாள்.

எண்பத்தேழாம் ஆண்டு கோடையில் ஒரு சனிக்கிழமை, பிறம்ரனில் ஒரு கராஜ் சேலில் அவள் வாங்கிய ஒரு பெட்டிக் கிளாசைத் தன் காரில் ஏற்றி வந்தவன் அன்புராசா. அவளோடு பக்டரியில் வேலை செய்பவன். லிஃப்ட் பழுது. பாவம், ஒன்பதாம் மாடி வரைக்கும் தோளில் சுமந்து வந்தான். குணவதி தன் பச்சைக் கிளாசிலேயே தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் கொடுத்தாள்.

"இது ராசா வீட்டுச் சாமானோ அக்கா?"

"ராசாவும் மண்ணாங்கட்டியும்! முப்பதுகளில அமெரிக்காவில சனத்துக்குச் சாப்பாட்டுக்கே வழியில்லை. அப்ப ஒஹாயோப் பக்கம் மிசினில அச்சடிச்சு, ஓட்ஸ் பெட்டிக்குள்ள சும்மா போட்டுக் குடுத்தவங்கள்."

சோபாவில் கிடந்த புருசன் இராஜரட்ணம் தலையை நிமிர்த்தினார். "தம்பி ஊரில எவடம்?"

சொன்னான். இவருடைய ஊரேதான்.

"கோயிலுக்கு இஞ்சாலையோ, அங்காலையோ? தேப்பனார் ஆர்?"

சீ! விசா இல்லாமலே கனடாவுக்கு வந்து சேர்ந்த கேள்வி. எதற்குக் கேட்கிறார் என்று அன்புராசாவுக்கும் விளங்கியது. தேப்பனின் பெயரைச் சொல்லி, கிளாசைப் பாதியில் வைத்து, "வாறன் அக்கா" என்று போய்விட்டான்.

கதவு சாத்தவில்லை, அதற்குள் இவர், "உந்தக் கிளாசைக் குப்பையில போடு. உவையள் ஆரெண்டு தெரியுமோ உனக்கு?"

வேலையிடத்தில் வெள்ளைக்காரன் ஒருத்தன் தன்னைப் 'பாக்கி' என்று இழிவாகக் கூப்பிட்டதற்கு மனித உரிமை பேசின வாய் இது! இந்த மனிசனோடு ஒரே பாயில் கிடந்ததை நினைக்கவே குணவதிக்கு உடம்பு கூசியது.

விறுவிறென்று போனாள். அந்தக் கிளாசைச் சிங்கில் போட்டு, வீட்டிலிருந்த கிளாஸ், கோப்பை, சில்வர் செம்பு எல்லாவற்றையும் அதே தண்ணிக்குள் தள்ளிக் கலக்கினாள்.

"இப்ப எதெண்டு பாத்து எறியுங்கோ."

அவர் ஒவ்வொரு கிளாசாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் ஒரே அச்சு, ஒரே பச்சை. என்னத்தைக் கண்டார்!

"எல்லாத்தையும் எறி!"

"என்ரை சாமானில கை வைச்சுப் பாருங்கோ!"

வைக்கவில்லை. மத்தியானம் நண்டுக்கறி. அவருக்கு உறைப்பு ஏறி, விக்கலும் எடுத்தது. எழும்பிப் போய்ச் சிங்கைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார், ஒன்றையும் தொடவில்லை. பைப்பைத் திறந்து, இரண்டு கையையும் ஏந்திக் குடித்தார்.

ஊரில் அன்புராசாவின் தேப்பனுக்கு இவர் வீட்டு முற்றத்தில் தண்ணி வார்த்ததும் இப்படித்தான், ஏந்தின கைக்குள்.

"இன்னும் கொஞ்சம் குனியுங்கோ," என்றாள் குணவதி. "சேட்டில ஒழுகுது."