பட்டுப்போன கொன்றை

பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டுக் கொல்லையில் நிற்கும் சரக்கொன்றைக்குப் பன்னிரண்டு வயது. ஆடு எட்டாமல் முள் கட்டி, மீன் கழுவின தண்ணீர் ஊற்றி, பக்கக் கிளை கழித்து இரண்டு மாடி உயரத்துக்கு ஏற்றினேன். மாசியில் இலை கொட்டும். சித்திரையில் மஞ்சள் சரம் தொங்கும். கொட்டுவதெல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கம், சாயப்பட்டறை நமச்சிவாயம் காயப்போட்ட ஈரப் பட்டு நூலின் மேல். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவன் மரத்தை வெட்டச் சொன்னான். நான் பட்டறையை மாற்றச் சொன்னேன். அதோடு ஆறு வருஷமாகப் பேச்சில்லை. மரத்தைப் பார்த்து ஜாடையாகத் திட்டுவான்.

"சனியனே, பட்டுப்போ."

நானும் மரத்திடமே சொல்வேன்: "பட்டாப் போவணுமாம்பா. நல்லாக் கேட்டுக்கோ."

போன மாசியில் மதிலின் அடியில் ஒரு செங்கல்லைப் பெயர்த்து, தினமும் சாய அண்டாவின் கழிவை வேரில் விட்டான். ஒவ்வொரு அண்டாவுக்கும் ஒரு "பட்டுப்போ". நான் ஓட்டையை அடைப்பேன். அவன் மறுபடி பெயர்ப்பான்.

சித்திரையில் மரம் சொன்ன பேச்சைக் கேட்டது. பட்டாகவே போயிற்று. பூத்த சரமெல்லாம் பட்டுச் சேலை மாதிரி, என் பக்கம் உடல் மஞ்சள், அவன் பக்கம் கரை அரக்கு. இரண்டும் சேருகிற கோர்வை, நூல் பிடித்ததுபோல மதிலுக்கு நேர் மேலே. கூரத்திலிருந்து வேன் வைத்து வந்து பார்த்தார்கள். ஒரு கிழவி முந்தானை எங்கே என்று கேட்டாள்.

ஜவுளிக்கடை வெங்கடேசன் வந்து அண்ணாந்து பார்த்தார். அதே அரக்கில் நாற்பது சேலைக்கு நூல் வேண்டும் என்றார். நமச்சிவாயத்துக்கு எந்தச் சாயத்து அண்டாவை ஊற்றினோம் என்று ஞாபகமில்லை. மறுபடி ஊற்றி, அடுத்த சித்திரையில் பூக்கும்போதுதான் சோதிக்க முடியும். அதுவரை மரம் சாகக்கூடாது.

ஓட்டை வழியாக நல்ல தண்ணீர் விட ஆரம்பித்தான், நாளைக்கு இருபது குடம். கொன்றைக்கு வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். இரண்டு கிளை வாடியதும், வேறு வழியில்லாமல் மதிலேறி வாய் திறந்தேன்.

"யோவ், சாவடிக்காதே. வாரத்துக்கு ரெண்டு குடம் போதும்."

"உன் பாதிக்கு நீ ஊத்திக்கோ. என் பாதிக்கு நான் ஊத்திக்கிறேன்."

அன்று மதியமே கடப்பாரை எடுத்தேன். அவன் விடுகிற தண்ணீர் வேரைச் சுற்றிக்கொண்டு அதே ஓட்டை வழியே திரும்பும்படி வாய்க்கால் வெட்டினேன். மரம் துளிர்த்துவிட்டது. அவன் பட்டறையில் முழங்கால் அளவு தண்ணீர்.